எங்கள் வீட்டுத் தட்டில் எத்தனை மில்லிகிராம்? பதப்படுத்திகளை நிறுத்துப் பார்த்த கணக்கு

தக்காளி சாஸ் பாட்டிலின் பின்புறத்தில், வகுப்பு 2 பதப்படுத்தி, 211 சேர்க்கப்பட்டுள்ளது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். எது சேர்ந்திருக்கிறது என்பதை அந்த வரி சொல்லிவிடும். எவ்வளவு என்பதைச் சொல்லாது. நம் ஊர் லேபிள்களில் பதப்படுத்தியின் பெயரோ எண்ணோ இருந்தால் போதும்; அளவை அச்சிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு பொருள் உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிப்பதோ அளவுதான். அந்த அளவை வீட்டிலிருந்தபடியே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்க முடியும் என்று பார்க்கவே இந்தக் கணக்கைத் தொடங்கினேன். வேதியியல் படித்தவள் என்பதைத் தவிர எனக்கு இதில் தனித் தகுதி எதுவும் இல்லை. கையில் இருந்தவை ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு, ஒரு நோட்டு, கைப்பேசியின் கேமரா. பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க அந்தக் கேமராவைப் போல உதவியது வேறொன்றும் இல்லை.

வீட்டில் ஐந்து பேர். கணவர் 68 கிலோ, நான் 58, அத்தை 52, மகன் 36, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் 20 கிலோ. எடையை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. எல்லாக் கணக்கும் கடைசியில் இந்த எண்களால்தான் வகுபடப்போகிறது.

முதல் வேலை, எதை எண்ணுவது, எதை விடுவது என்று முடிவு செய்வது. உப்பு, சர்க்கரை, வினிகர், எண்ணெய், தேன், மசாலாப் பொருள்கள் எல்லாம் நம் விதிகளில் வகுப்பு 1 பதப்படுத்திகள். அத்தை போடும் ஆவக்காய் அந்த வகை; அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ரொட்டியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் கால்சியம் புரோப்பியோனேட்டுக்கு, அதாவது 282க்கு, உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழுவே எண்ணிக்கை வரம்பு வைக்கவில்லை. அதையும் விட்டுவிட்டேன். பதப்படுத்திய இறைச்சி எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. ஆகவே அதில் சேர்க்கும் நைட்ரைட்டும் இல்லை. மிஞ்சியவை மூன்று குடும்பங்கள்: பென்சோயேட்டுகள் (210 முதல் 213 வரை), சார்பேட்டுகள் (200 முதல் 203 வரை), சல்பைட்டுகள் (220 முதல் 228 வரை).

இந்த மூன்றுக்கும் 'ஏற்கத்தக்க தினசரி அளவு' ஒன்று உண்டு. வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு நாளும் உட்கொண்டாலும் கேடு வராது என்று வல்லுநர்கள் கருதும் அளவு அது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். பொதுவாக, விலங்குச் சோதனைகளில் தீங்கு தென்படாத அளவை எடுத்து, அதை 100 போன்ற ஓர் எண்ணால் வகுத்து இதை வைக்கிறார்கள். ஒரு நாள் தாண்டிவிட்டால் விஷம் என்று பொருள் அல்ல. நாள்தோறும் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு இடைவெளி சுருங்குகிறது என்று பொருள்.

இந்த எண்கள் கல்வெட்டும் அல்ல. பென்சோயிக் அமிலத்துக்கு நெடுங்காலம் கிலோவுக்கு 5 மி.கி. என்று இருந்ததை அந்த வல்லுநர் குழு 2021இல் 20 ஆக உயர்த்தியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2016இல் மறுஆய்வு செய்து 5 போதும் என்றது. சார்பிக் அமிலத்துக்கு அந்த வல்லுநர் குழு 25 என்கிறது. ஐரோப்பிய ஆணையம் 2019இல் 11 என்று வைத்தது. சல்பைட்டுக்கு, கந்தக டை ஆக்சைடாகக் கணக்கிட்டு, 0.7. இந்த 0.7ஐயும் ஐரோப்பியர்கள் 2022இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நச்சியல் சான்றுகளில் இடைவெளி இருப்பதால் வரம்பு வைப்பதைவிட, மக்கள் உண்ணும் அளவுக்கும் தீங்கு தொடங்கக்கூடிய அளவுக்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பார்ப்பதே சரி என்று முடிவெடுத்தார்கள். என் கணக்குக்குக் கடுமையான எண்களையே எடுத்துக்கொண்டேன். வீட்டில் குழந்தை இருக்கும்போது தாராளமான எண்ணை வைத்து மனத்தைத் தேற்றிக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதல் சல்லடை

தராசை எடுக்கும் முன் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு உண்டு. டென்மார்க்கில் தோன்றிய 'பட்ஜெட் முறை' என்று அதைச் சொல்வார்கள். ஒருவர் ஒரு கிலோ உடல் எடைக்கு அதிகபட்சம் 100 மி.லி. திரவமும் 50 கிராம் திட உணவும் உட்கொள்வார் என்று வைத்துக்கொள்வது. அந்தத் திரவத்தில் கால் பங்கிலும், திட உணவில் எட்டில் ஒரு பங்கிலும் அந்தப் பதப்படுத்தி உச்ச அளவில் இருக்கிறது என்று கொள்வது. அவ்வளவுதான்.

உச்ச அளவுகளுக்கு, 1955ஆம் ஆண்டின் பழப் பொருள் ஆணையிலிருந்து தொழிலில் பழகிப்போன எண்களை எடுத்தேன். பென்சோயிக் அமிலமாகக் கணக்கிட்டால் தக்காளி சாஸுக்குக் கிலோவுக்கு 750 மி.கி., ஸ்குவாஷுக்கு 600, ஊறுகாய்க்கு 250, ஜாமுக்கு 200, அப்படியே குடிக்கும் பழபானத்துக்கு 120. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. கணக்குப் போடுபவர்கள் நடப்பு அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மகளுக்கு: 20 கிலோவுக்கு 2 லிட்டர் திரவம், அதில் கால் பங்கு 500 மி.லி., 120 வீதம் 60 மி.கி. திட உணவு ஒரு கிலோ, அதில் எட்டில் ஒரு பங்கு 125 கிராம், 750 வீதம் 94 மி.கி. ஆக 154 மி.கி.; கிலோவுக்கு 7.7. கடுமையான வரம்பான 5ஐத் தாண்டுகிறது, 20க்குள் அடங்கிவிடுகிறது. இந்தச் சல்லடையில் தேறாத பொருள் ஆபத்தானது என்று முடிவு கட்டக்கூடாது. அடுத்த கட்டத்தில் நிஜமாகவே தட்டில் விழுவதை அளந்தாக வேண்டும் என்பதே இதன் பொருள். ஒரு குழந்தை ஒரு நாளில் 125 கிராம் சாஸ் சாப்பிடாது என்று யாருக்கும் தெரியும். எவ்வளவு சாப்பிடும் என்பது யாருக்கும் தெரியாது.

தராசும் இரவு விசாரணையும்

'மாதம் ஒரு பாட்டில் சாஸ், ஐந்து பேர், முப்பது நாள்' என்று வகுத்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் அந்தக் கணக்கில் சாஸைத் தொடாத அத்தையும் அதில் குளிக்கும் மகனும் ஒன்றாகிவிடுவார்கள். சராசரி என்பது அதிகம் சாப்பிடுபவரை மறைத்துவிடும் திரை. தேசிய அளவிலான ஆய்வுகளிலும் இதே சிக்கல் உண்டு. அதனால்தான் சராசரியோடு நிற்காமல், மிக அதிகம் உண்பவர்களின் அளவையும் தனியே பார்க்கிறார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் ஒரு சாதாரண நாள், ஓர் உச்ச நாள் என்று இரண்டு பத்தி போட்டேன். பதிவில் பள்ளி நாளும் இருக்க வேண்டும், ஞாயிறும் இருக்க வேண்டும், விருந்தாளி வந்த நாளும் இருக்க வேண்டும். வீட்டில் பதப்படுத்தி நுழையும் நாள்கள் பெரும்பாலும் பின்னவைதான்.

சாஸை நிறுப்பதற்குத் தட்டைவிடப் பாட்டிலே நல்லது. பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, ஊற்றியபின் திரும்ப வைத்தால் குறைந்த எடை திரையில் வரும். பிறகு தட்டில் ஒட்டி மிஞ்சியதைக் கழிக்க வேண்டும். மகள் தட்டில் ஊற்றியது 34 கிராம், கழுவப் போனது 9. அவள் சாப்பிட்டது 25. கழிவைக் கணக்கில் எடுக்காவிட்டால் கால் பங்குக்கு மேல் கூடுதலாக எழுதியிருப்போம். ஊறுகாயில் வேறொரு சங்கதி. காயைக் கடித்துவிட்டு மசாலாவைத் தட்டோரம் ஒதுக்குபவர் உண்டு, மசாலாவை மட்டும் வழித்துச் சோற்றில் பிசைபவர் உண்டு. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வீட்டில் வழியில்லை. ஒரே அளவில் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வெளியே சாப்பிட்டதற்குத் தராசு உதவாது. அதற்கு 24 மணி நேர நினைவுக் கேள்வி முறைதான் வழி. ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் இதைப் பல சுற்றாகச் செய்வார்கள். முதல் சுற்றில் காலையிலிருந்து சாப்பிட்டதைச் சொல்பவர் போக்கிலேயே சொல்ல விட வேண்டும், குறுக்கிடக் கூடாது. இரண்டாம் சுற்றில் மறந்துபோகும் வகைகளை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: குடித்தது, கொறித்தது, யாராவது கொடுத்தது. மூன்றாம் சுற்றில்தான் அளவு. மகளிடம் முதல் சுற்றில் வந்தது இட்லி, தயிர் சாதம், தோசை. இரண்டாம் சுற்றில், தோழியின் டிபன் பாக்ஸிலிருந்து பாதி ஜாம் ரொட்டி. “இவ்வளவுதானா?” என்று கேட்டபோது, “தின்றது அவ்வளவுதான். நக்கியது வேறு” என்றாள். பள்ளி வாசல் கடையில் விற்கும் புளிப்பு ஜெல்லிப் பாக்கெட் அது. மறுநாள் அந்தப் பாக்கெட்டை வாங்கி வரச் சொல்லி லேபிளைப் படித்தேன். 211, 202 இரண்டும் இருந்தன. கேள்வியைத் 'தின்றாயா' என்று கேட்பதா, 'வாயில் வைத்தாயா' என்று கேட்பதா என்பதில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது!

கணவர் மதியத்துக்கு ஓட்டல் பார்சல். சோறு, குழம்பு எதற்கும் லேபிள் கிடையாது. ஆனால் கூடவே வரும் ஊறுகாய்ப் பொட்டலத்துக்கும் சாஸ் பொட்டலத்துக்கும் உண்டு. அவற்றைப் பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்துவரச் சொல்லி நிறுத்தேன். ஊறுகாய் 8 கிராம், சாஸ் 10.

பென்சோயேட்: எதிர்பார்த்ததைவிடக் குறைவு

மகளின் உச்ச நாள் இப்படி: திராட்சை ஸ்குவாஷ் 40 கிராம் (தண்ணீர் கலக்கும் முன் உள்ள எடை), 24 மி.கி. சாஸ் 25 கிராம், 19 மி.கி. ஜாம் 20 கிராம், 4 மி.கி. கடை ஊறுகாய் 8 கிராம், 2 மி.கி. மொத்தம் 49 மி.கி.; கிலோவுக்கு ஏறத்தாழ 2.4. கடுமையான வரம்பில் பாதி. அதுவும் எல்லா உற்பத்தியாளரும் உச்ச அளவையே சேர்த்தார்கள் என்று வைத்துக்கொண்டு. சாதாரண நாளில் அவளுக்கு 0.5ஐ ஒட்டித்தான் வந்தது.

மகனுக்கு அன்றைக்கு 58 மி.கி. தங்கையைவிட அதிகம் சாப்பிட்டான். ஆனால் 36ஆல் வகுத்தால் 1.6. கணவருக்கு ஒரு குளிர்பானத்தையும் சேர்த்து 40 மி.கி., கிலோவுக்கு 0.6. ஒரே மேசை, ஒரே பாட்டில். மிகக் குறைந்த எடையுள்ளவளுக்குத்தான் மிக அதிகமான எண். குழந்தைகளை மையமாக வைத்தே இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பெரியவருக்குச் சரியென்று வந்த கணக்கு வீட்டிலுள்ள சின்னவருக்குச் செல்லாது.

இடையில் ஒரு குறிப்பு. லேபிளில் இருப்பது சோடியம் பென்சோயேட். வரம்பு சொல்லப்படுவது பென்சோயிக் அமிலமாக. உப்பின் எடையை 0.85ஆல் பெருக்கினால் அமிலத்தின் எடை கிடைக்கும். பொட்டாசியம் சார்பேட்டுக்கு அந்தப் பெருக்கெண் 0.75. சட்ட வரம்புகள் ஏற்கெனவே அமிலக் கணக்கில் இருந்தால் மீண்டும் பெருக்கக்கூடாது. இணையத்தில் உலவும் பல கணக்குகள் இங்கேதான் குழம்புகின்றன.

பென்சோயேட் பத்தியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது தயிர். தயிரில் யாரும் எதையும் சேர்ப்பதில்லை. ஆனால் பாலில் இயல்பாகவே ஹிப்யூரிக் அமிலம் சிறிதளவு இருக்கிறது. உறைய வைக்கும் நுண்ணுயிரிகள் அதை உடைத்து பென்சோயிக் அமிலமாக்குகின்றன. கிலோவுக்குச் சில மில்லிகிராமிலிருந்து 40, 50 மி.கி. வரைகூடக் காணப்படும். நடுவாக 20 என்று வைத்தால், மகள் சாப்பிடும் 150 கிராம் தயிரில் 3 மி.கி. அவள் தொட்டுக்கொண்ட கடை ஊறுகாயில் இருந்ததைவிட அதிகம். பட்டை, கிராம்பிலும் இயற்கையாகவே உண்டு. அத்தையிடம் சொன்னபோது, “தயிரிலேயே இருக்கிறதா கண்ணு?” என்று கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். “அப்படியானால் உடம்புக்கு அதை வெளியே தள்ளவும் தெரிந்திருக்கும்.” தெரியும்தான். கல்லீரல் அதைக் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து, மறுபடி ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. 'ரசாயனம்' என்ற சொல்லைக் கேட்டதும் ஒட்டுமொத்தமாக அஞ்சுவதற்கும், அளவைக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை அத்தைக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சார்பேட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூடுபடுத்தினால் போதும் என்று பாக்கெட்டில் விற்கும் சப்பாத்தி, உறையிட்ட கேக் இரண்டிலும் 200 அல்லது 202 இருந்தது. அடுமனைப் பொருள்களுக்கு, உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு வைத்துள்ள உச்ச அளவு கிலோவுக்கு 1000 மி.கி. மகள் இரண்டு சப்பாத்தியும் ஒரு சிறு கேக்கும் சாப்பிட்ட நாளில் 110 மி.கி., கிலோவுக்கு 5.5. ஐரோப்பிய வரம்பில் பாதி. கவனிக்கலாம், கலங்க வேண்டியதில்லை.

சல்பைட்: இங்கேதான் முடிச்சு

சல்பைட்டின் வரம்பு 0.7 என்றால் 20 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 14 மி.கி. கந்தக டை ஆக்சைடு. மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் இது மிகக் குறுகலான வாசல். ஆரோக்கியமானது என்று நம்பி நாங்கள் கொடுக்கும் பொருள்களே அந்த வாசலில் நெருக்குகின்றன.

முதலாவது, பொன்னிற உலர் திராட்சை. இயல்பாகக் காய்ந்த திராட்சை கறுத்துப்போகும். வெளுத்த நிறம் நிற்பதற்குக் கந்தகப் புகை காட்டுகிறார்கள். கோடெக்ஸ் தரத்தில் வெளுத்த திராட்சைக்குக் கிலோவுக்கு 1500 மி.கி. வரை இடம் உண்டு. மகளின் ஒரு கைப்பிடி 20 கிராம். உச்ச அளவு என்று கொண்டால் 30 மி.கி. சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் பழைய கலப்படத் தடை விதிகளில் இருந்த 70ஐ வைத்து இன்னும் 3 மி.கி. ஒரு நாள் வரம்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்! சாஸ் பாட்டிலை ஒளித்துவைக்கும் வீடுகளில் திராட்சை டப்பா குழந்தையின் கைக்கெட்டும் தட்டில் இருக்கிறது.

உச்ச அளவை வைத்துக்கொண்டு இதற்கு மேல் பேச எனக்கு மனம் வரவில்லை. நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தில், பழைய ஆசிரியரின் அனுமதியோடு, அளந்தே பார்த்துவிட்டேன். முறைப்படியான சோதனை என்றால் மோனியர்-வில்லியம்ஸ் முறை. அமிலத்தில் கொதிக்கவைத்து, வெளிவரும் வாயுவை ஹைட்ரஜன் பெராக்சைடில் பிடித்துத் தரம் பார்ப்பது, அதாவது செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவைக் கண்டுபிடிப்பது. அதற்கான கண்ணாடி அமைப்பு அங்கே இல்லை. அயோடினால் தரம் பார்க்கும் ரிப்பர் முறையைச் செய்தோம்.

10 கிராம் திராட்சையை நீர் விட்டு விழுதாக அரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மூடிவைக்க வேண்டும். பழத்தின் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும் சல்பைட் அப்போதுதான் விடுபடும். இந்தப் படியைத் தவிர்த்தால் பாதிக்கும் மேல் கண்ணில் படாமலேயே போகலாம். பிறகு கந்தக அமிலம் ஊற்றியதும் தீக்குச்சி உரசிய நெடி மூக்கில் ஏறியது. எந்த லேபிளும் சொல்லாததை அந்த நெடி சொல்லிவிட்டது. ஸ்டார்ச் கரைசல் சில துளிகள் விட்டு, பியூரெட்டிலிருந்து 0.01 நார்மல் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். துளி விழும் இடத்தில் நீலம் தோன்றி, குடுவையைச் சுழற்றியதும் மறையும். சல்பைட் இருக்கும்வரை அயோடினைத் தின்றுகொண்டே இருக்கும். ஓர் இடத்தில் நீலம் மறையாமல் அரை நிமிடம் நின்றது. அதுதான் முடிவு நிலை. 13 மி.லி.

இதில் ஒரு கழித்தல் உண்டு. பழத்திலுள்ள வேறு சில பொருள்களும் அயோடினைத் தின்னும். இன்னொரு பங்கை அதே போலத் தயாரித்து, அமிலமாக்கியபின் ஃபார்மால்டிஹைடு சேர்த்தால் அது சல்பைட்டைக் கட்டிப்போட்டுவிடும். அதற்கு மேல் செலவாகும் அயோடின் மற்றவற்றின் கணக்கு. 2 மி.லி. மீதி 11. ஒரு மி.லி.க்கு 0.32 மி.கி. கந்தக டை ஆக்சைடு வீதம் 3.5 மி.கி. அதாவது கிலோவுக்குச் சுமார் 350. கறுப்பு உலர் திராட்சையையும் அதே மேசையில் வைத்துப் பார்த்தோம்; ஃபார்மால்டிஹைடு சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் அளவில் வித்தியாசமே இல்லை. இதைச் செய்யாமல் அயோடின் நிறம் போனதை மட்டும் பார்த்துவிட்டு 'இதிலும் கந்தகம்' என்று சொல்லியிருந்தால் அந்தத் திராட்சைக்கு அநியாயம் செய்திருப்போம்.

ஆக, மகளின் கைப்பிடியில் 7 மி.கி. சர்க்கரை, வெல்லம் சேர்த்து 10 மி.கி.க்குள். கிலோவுக்கு 0.5. வரம்புக்குள் வந்துவிட்டது, ஆனால் அதிக இடம் மிச்சமில்லை. ஒரு கடையின் ஒரு பாக்கெட்டை வைத்துச் சொன்னது இது. அடுத்த பாக்கெட்டுக்கு இது பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த திராட்சையின் தண்ணீரிலும் அயோடின் நீலத்தை விட்டுப் பார்த்தோம். சட்டென்று நிறம் போயிற்று. ஊறவைத்த நீரைக் கொட்டிவிடுவதில் பொருள் இருக்கிறது.

இரண்டாவது, வீட்டில் போடும் எலுமிச்சை ஸ்குவாஷ். பழம் பதப்படுத்தும் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவர்கள் 'கே.எம்.எஸ்.' என்று சொல்வார்கள்: பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். எலுமிச்சை, மாம்பழம் போன்றவற்றுக்கு இதைப் போடுவார்கள். திராட்சை, நாவல் போன்ற நிறப் பழங்களுக்கு இது நிறத்தை வெளுத்துவிடும் என்பதால் சோடியம் பென்சோயேட். கே.எம்.எஸ். எடையில் சுமார் 57 சதவீதம் கந்தக டை ஆக்சைடு. ஸ்குவாஷுக்கு உரிய வரம்பு 350 என்பதால், ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 0.6 கிராம் கே.எம்.எஸ். என்பது பாடம்.

இப்போது மகளின் ஒரு டம்ளரைப் பாருங்கள். 40 கிராம் ஸ்குவாஷ், 350 வீதம், 14 மி.கி. பாடத்தில் சொன்னபடி மிகச் சரியாகச் செய்த ஸ்குவாஷ், ஒரே டம்ளரில், அவளுடைய ஒரு நாள் வரம்பை முழுவதும் நிரப்பிவிடுகிறது. பாட்டிலைத் திறந்து மூடும்போதும் கலக்கும்போதும் கொஞ்சம் வாயு வெளியேறும். கணக்கில் அந்தச் சலுகையை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பாடத்தில் சொன்னபடி செய்கிறோமா என்பது அடுத்த கேள்வி. பக்கத்து வீட்டு அக்கா பல ஆண்டுகளாக ஸ்குவாஷ் போட்டு எல்லோருக்கும் கொடுப்பவர். பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை என்பது அவர் கணக்கு. நகைக்கடையில் பயன்படும் சிறு தராசு ஒன்றை வாங்கி வந்து, அவரையே சிட்டிகை எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு முறை 0.4 கிராம், ஒரு முறை 0.6, விரல் ஈரமாக இருந்தபோது 0.9. 750 கிராம் கொள்ளும் பாட்டிலுக்குத் தேவைப்படுவது 0.45. அதாவது கையின் ஈரம் ஒன்றே அளவை இரட்டிப்பாக்கிவிடுகிறது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. தராசை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது மொத்த ஸ்குவாஷுக்கும் சேர்த்து ஒரே தடவையாக நிறுத்து, வெந்நீரில் கரைத்து, ஆறவைத்துக் கலந்துவிட்டுத்தான் பாட்டிலில் ஊற்றுகிறார்.

சல்பைட்டில் இன்னொரு கவலையும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மிகக் குறைந்த அளவே மூச்சுத்திணறலைத் தூண்டிவிடும். அதனால்தான் 2020ஆம் ஆண்டின் நம் லேபிள் விதிகளில், கிலோவுக்கு 10 மி.கி. அல்லது அதற்கு மேல் சல்பைட் இருந்தால் ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. இழுப்பு இருக்கும் குழந்தைக்கு, மேலே நான் போட்ட 14 மி.கி. கணக்கு பொருந்தவே பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவர் சொல்வதுதான் வரம்பு.

இந்தக் கணக்கின் கைக்கு எட்டாதவை

உச்ச வரம்பை வைத்துப் போடும் கணக்கு, சட்டத்தை எல்லோரும் மதிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. வெல்லத்தில் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. சேலம், ஓமலூர் பக்கத்து வெல்ல ஆலைகளில், வெளிர் நிறம் வருவதற்காகப் பாகில் 'ஹைட்ரோஸ்' என்னும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொட்டுவதாக உணவுப் பாதுகாப்புத் துறை பலமுறை பிடித்திருக்கிறது. அப்படிப்பட்ட வெல்லத்துக்கு 70 என்று எழுதுவது அப்பாவித்தனம். கொப்பரைக்குக் காட்டும் கந்தகப் புகையும் இதே கதை. பொன்போல் மின்னும் வெல்லத்தைக் கேட்டு வாங்கும் நம் கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. பொங்கல் பானைக்குக் கறுத்த வெல்லம் போட்டால் பொங்கல் கறுக்கும், கறுக்கட்டும்.

லேபிளே இல்லாத உணவு அடுத்தது. பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பப்ஸ், பன், டின்னிலிருந்து நிறுத்துத் தரும் ஊறுகாய், வண்டிக்கடையில் தட்டோரம் ஊற்றும் சிவப்பு சாஸ். கணவரின் கணக்கில் இவை எல்லாம் பூஜ்யம் என்று விழுகின்றன. பூஜ்யம் என்று எழுதாமல், அந்தக் கட்டங்களில் 'தெரியாது' என்றே எழுதி, எத்தனை கட்டங்கள் அப்படி இருக்கின்றன என்று எண்ணினேன். மகளின் பத்தியில் சிலவே. கணவரின் பத்தியில் பாதிக்கு மேல். அவருடைய 0.6 என்ற எண்ணை அந்தப் பாதியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வீட்டுக்குள் தீவிரமாக லேபிள் படிக்கும் நாம், வெளியில் சாப்பிடும்போது கேட்பதற்கு ஒரு சொல்கூட இல்லாமல் இருக்கிறோம். உற்பத்தியாளர் தன் பொருளில் எவ்வளவு பென்சோயேட் சேர்க்கிறார் என்பது அவருக்குத் தெரியும், நிறுத்துத்தான் கலக்கிறார். லேபிளில் 'கிலோவுக்கு இத்தனை' என்று அச்சிட ஒரு வரி இடம் போதும். அந்த வரி வந்துவிட்டால் நான் செய்த வேலையில் பாதி தேவைப்படாது.

இதே கணக்கைத் தங்கள் வீட்டில் போட்டுப் பார்க்க விரும்புவோர் மூன்று குடும்பங்களையும் ஒன்றாக எடுக்க வேண்டாம். சல்பைட்டிலிருந்து தொடங்குங்கள், இடம் குறைவாக இருப்பது அங்கேதான். வீட்டிலேயே எடை குறைந்த ஆளை மட்டும் கவனியுங்கள். 220 முதல் 228 வரையுள்ள எண் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறதோ அதை மட்டும் நிறுத்து எழுதுங்கள். குழந்தையின் எடையை 0.7ஆல் பெருக்கி நோட்டின் மேலே எழுதிவையுங்கள். ஒவ்வொரு நாள் கூட்டுத்தொகையும் அதற்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

எங்கள் வீட்டில் சாஸ் பாட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பொன்னிறத் திராட்சைக்குப் பதில் கறுப்பு வாங்குகிறோம். எலுமிச்சை ஸ்குவாஷ் நிறுத்திவிட்டோம். பழம் மலிவாக இருக்கும்போது சாற்றைப் பிழிந்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்கிறேன், ஒரு டம்ளருக்கு ஒரு கட்டி. அடுத்து ஆய்வகத்துக்கு எடுத்துப்போக, வெவ்வேறு நிறத்தில் வெல்லக் கட்டிகளைச் சந்தையிலிருந்து வாங்கி, எந்தக் கடை, எந்தத் தேதி என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.